மழை அளக்கும் குழுவுக்கு நியூஸ்குரூப் சர்வர்: சொந்தமா வெச்சு நடத்த முடியுமா?

மழைமானி_சேலம்

எல்லாருக்கும் வணக்கம். நாங்க ஒரு 140 பேர். வீட்டு மாடியில மழைமானி வெச்சு, தினம் காலை எட்டரைக்கு அளந்து எழுதுறவங்க. சேலம், நாமக்கல், தருமபுரி, ஈரோடு பக்கம் ஆள் அதிகம். எழுத்து எல்லாம் இப்ப வாட்ஸ்அப்புலதான். போன ஐப்பசி அடைமழையப் பத்தி ரெண்டு நாள் அருமையான விவாதம் நடந்துச்சு. இன்னைக்கு அதைத் தேடினா காலை வணக்கப் பூவுக்கும் பேரன் காதுகுத்துக்கும் நடுவுல எங்கயோ கிடக்கு.

வாட்ஸ்அப்புக்கு முன்னாடி அஞ்சு வருசம் மின்னஞ்சல் குழுவா இருந்தோம். அந்த 9,000 சொச்சம் மடல் என்கிட்ட ஒரே கோப்பா பத்திரமா இருக்கு. அதையும் உள்ள ஏத்தி, இனிமே எழுதுறதையும் இழை இழையாப் பிரிச்சு, பத்து வருசம் கழிச்சும் தேடி எடுக்கிற மாதிரி ஒரு என்என்டிபி சர்வர், அதாவது நியூஸ்குரூப்னு சொல்ற பழைய கால விவாதக் குழுக்களை நடத்துற சர்வர், போடலாம்னு யோசனை. வாடகை சர்வர் ஒண்ணு இருக்கு: 1 ஜிபி நினைவகம், டெபியன் லினக்ஸ். இது போதுமா? அதுக்கான மென்பொருள்ல லீஃப்நோட் போடவா, ஐஎன்என் போடவா? யாராவது இந்தக் காலத்துல இதை ஓட்டுறீங்களா?

---

வேர்க்கணக்கு

தாராளமாப் போதும். ஒரு நாளைக்கு 100 பதிவு, பதிவுக்கு 6 கேபின்னு வெச்சாலும் (தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொண்ணும் யுடிஎஃப்-8ல 3 பைட், அதையும் சேர்த்துத்தான்) நாளுக்கு 600 கேபி. வருசத்துக்கு 220 எம்பிகூட வராது. உங்க வாட்ஸ்அப் காலை வணக்கப் பூ ஒரு மாசத்துல அதைத் தாண்டும்.

லீஃப்நோட் வேண்டாம். அது வேற சர்வர்ல இருந்து இழுத்து வீட்டுல நிரப்பி வெச்சுக்கிற தொட்டி மாதிரி. உங்களுக்கு வேணுங்கிறது கிணறு. ஐஎன்என் போடுங்க. 1992ல ரிச் சால்ஸ் எழுதினது, இன்னைக்கும் பராமரிக்கிறாங்க, டெபியன்ல பொதியாவே இருக்கு.

நிறுவுறதுக்கு முன்னாடி ஒண்ணு பார்த்துக்கங்க. சர்வருக்கு முழுப் பெயர், அதாவது புள்ளி வெச்ச டொமைன் பெயர், இருக்கணும். வெறும் "சேலம்"னு பேர் வெச்சுட்டு ஐஎன்என் எழ மாட்டேங்குதுன்னு வந்து நிக்காதீங்க. ஒவ்வொரு பதிவுக்கும் அது கொடுக்கிற மெசேஜ் ஐடி உலகத்துலயே தனியா இருக்கணும், அதுக்குத்தான் அந்தப் பெயர்.

எந்தக் கட்டளையையும் ரூட்டா, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள வேர்க் கணக்குல இருந்து, ஓட்டாதீங்க. "நியூஸ்"னு ஒரு பயனர் இருக்கும், அதுக்கு மாறிட்டு ஓட்டுங்க. வந்த பதிவையெல்லாம் குறிச்சு வெக்கிற ஹிஸ்டரி கோப்பை ரூட்டா ஒரு தடவை திரும்பக் கட்டினேன். கோப்பு ரூட் பேர்ல உக்காந்துக்கிச்சு, சர்வரால அதைத் தொட முடியல. ராத்திரி ஒரு மணிக்குக் கண்டுபிடிச்சேன். என் பேரைப் பார்த்து ஏமாறாதீங்க.

உள்ள வர்றவங்க விவரம் ரீடர்ஸ் டாட் கான்ஃப் கோப்புல. பாஸ்வேர்டு சரிபார்க்க சிகேபாஸ்வேர்டுன்னு ஒரு நிரல் கூடவே வரும். அந்தக் கோப்புல கடைசியாப் பொருந்துற அனுமதிதான் வெல்லும். மேல "எல்லாருக்கும் படிக்க மட்டும்", அதுக்குக் கீழ "உறுப்பினருக்கு எழுதவும்"னு எழுதுங்க. தலைகீழா எழுதினா உறுப்பினராலயும் எழுத முடியாது.

குழு உருவாக்குறது ஒரே வரிதான். அந்தச் சந்தோசத்துல, குழுப் பட்டியல் இருக்கிற ஆக்டிவ் கோப்பைத் திறந்து "கண்ட்ரோல்", "ஜங்க்" ரெண்டும் குப்பைன்னு அழிச்சிடாதீங்க. அது ரெண்டும் இல்லாம ஐஎன்என் ஓடாது.

---

கோடை_இடி

நல்ல யோசனைதான், ஆனா ஒரு கேள்வி. உங்க 140 பேர்ல எத்தனை பேர் கணினியில படிப்பாங்க? எங்க வீட்டுல அப்பாவும் மழை அளக்கிறவர்தான். வயசு 68. அவருக்கு உலகமே கைப்பேசிதான். தண்டர்பேர்டுங்கிற மின்னஞ்சல் மென்பொருள் கணினியில நியூஸ்குரூப் படிக்கும். அதோட ஆண்ட்ராய்டுப் பதிப்புல அந்த வசதி கிடையாது. கிணறு சரி. கயிறும் வாளியும் யார் குடுப்பா?

---

மழைமானி_சேலம்

> கயிறும் வாளியும் யார் குடுப்பா?

நேத்து ராத்திரியே எண்ணிப் பார்த்துட்டேன் அக்கா. கணினி உள்ளவங்க 31 பேர். அதுல 8 பேர் "நியூஸ்குரூப்னா தினமலர் வருமா"ன்னு கேட்டாங்க.

---

பழந்தபால்

தம்பி, நான் 1990களில் அமெரிக்காவில் படித்தபோது சாக்.கல்ச்சர்.தமிழ் குழுவில் தினமும் குடியிருந்தவன். அதனால் இந்த இழையைக் கண்டதும் கை துறுதுறுக்கிறது. கொஞ்சம் பழங்கதை சொல்லிவிட்டு உருப்படியான விஷயத்துக்கு வருகிறேன்.

1979ல் டியூக் பல்கலைக்கழகத்தில் டாம் ட்ரஸ்காட், ஜிம் எல்லிஸ் என்ற இரண்டு மாணவர்கள் யோசித்ததுதான் யூஸ்நெட், அதாவது பல சர்வர்கள் பதிவுகளைப் பரிமாறிக்கொள்ளும் நியூஸ்குரூப் வலை. பக்கத்து வடகரோலினா பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் பெல்லோவின் அதற்கு முதல் நிரலை ஷெல் ஸ்கிரிப்டாக எழுதினார். அப்போது தொலைபேசி வழியாக ஒரு கணினி இன்னொன்றைக் கூப்பிட்டுப் பதிவுகளை ஒப்படைக்கும். நீங்கள் போடப்போகும் என்என்டிபி அதற்கெல்லாம் பிறகு வந்தது, 1986ல் ஆர்எஃப்சி 977 என்ற இணைய விதி ஆவணமாக. இப்போது நடப்பில் உள்ளது 2006ன் 3977. யூஸ்நெட் பிறந்த டியூக்கே 2010ல் தன் சர்வரை நிறுத்திவிட்டது. கூகுள் குரூப்ஸ் 2024 பிப்ரவரியோடு யூஸ்நெட்டுக்கு எழுதுவதையும் புதிய பதிவுகளை வாங்குவதையும் விட்டுவிட்டது.

இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல. யூஸ்நெட் வேறு, என்என்டிபி வேறு. முன்னது ஊர், பின்னது சாலை. நீங்கள் எந்த ஊரோடும் இணைய வேண்டாம், அதாவது வேறு எந்த சர்வரோடும் பதிவுகளைப் பரிமாறிக்கொள்ள வேண்டாம். இணைந்தால் உங்கள் பதிவு எங்கெங்கோ நகலாகும், அழிக்கச் சொல்லி நீங்கள் அனுப்பும் கேன்சலை மற்ற சர்வர்கள் மதிக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. குப்பையும் வரும். 1994ல் இரண்டு வழக்கறிஞர்கள் கிரீன் கார்டு விளம்பரத்தை ஆயிரக்கணக்கான குழுக்களில் போட்டார்களே, அன்றைக்குத் தொடங்கியது. எங்கள் சண்டைகளே போதும் என்றிருந்த காலத்தில் அது வேறு.

தமிழைப் பற்றி ஒரு வார்த்தை. அன்று ரோமன் எழுத்தில்தான் எழுதினோம், "நான்" என்று தமிழில் எழுத வழியில்லை. பிறகு ஆளுக்கொரு எழுத்துரு வந்தது. அவர் எழுத்துரு உங்களிடம் இல்லையென்றால் அவர் எழுதியது உங்களுக்குப் பூச்சி பூச்சியாகத் தெரியும். ஒரு வெண்பாவைப் படிக்க நான் மூன்று எழுத்துரு இறக்கியிருக்கிறேன், கடைசியில் பார்த்தால் வெண்பாவில் தளை தட்டியது. இப்போது யூனிகோடு இருக்கிறது. ஆனாலும் தலைப்பு வரியைக் கவனியுங்கள். உடலில் தமிழ் அப்படியே போகும், தலைப்பு மட்டும் ஆங்கில எழுத்துக் குறியீடாக முட்டாக்குப் போட்டுக்கொண்டுதான் போகும்.

---

வல்வெட்டி_வாசன்

ஐயா சொன்னது சரி. நான் எங்கட பழைய மாணவர் சங்கத்துக்கு ஐஎன்என் ரெண்டு வருசம் ஓட்டினனான். பட்ட பாட்டைச் சொல்லுறன், நீங்களாவது தப்புங்கோ.

சேமிக்கிற முறை தெரிவு செய்யேக்க கவனம். நான் சிஎன்எஃப்எஸ் போட்டன், "வேகமானது" எண்டு எங்கயோ வாசிச்சு. அது வட்டமாச் சுத்துற தொட்டி. நிரம்பினால் ஒரு சத்தமும் இல்லாமல் முதல்ல இருந்து மேலால எழுதத் தொடங்கும். பெரிய சர்வர்காரருக்கு அது வரம், டிஸ்க் நிரம்பாது. எங்களுக்கு? பள்ளிக்கூட நூற்றாண்டு விழாப் பேச்சு முழுக்க அழிஞ்சு போட்டுது. ஆரோ தேடிக் கேட்ட பிறகுதான் எனக்கே தெரியும்.

உங்களுக்கு ட்ராட்ஸ்பூல் போதும். ஒரு பதிவுக்கு ஒரு கோப்பு, குழுவுக்கு ஒரு அடைவு. கோப்பின்ர பெயரே பதிவு எண். நகல் எடுக்கிறதும் லேசு: அந்த அடைவையும் ஆக்டிவ் கோப்பையும் எடுத்தால் போதும், ஹிஸ்டரியைப் பிறகு திரும்பக் கட்டலாம். எண் மாறாமல் இருக்கிறது முக்கியம் பாருங்கோ. "எதுவரைக்கும் வாசிச்சன்" எண்ட கணக்கை ஒவ்வொருத்தரின்ர மென்பொருளும் பதிவு எண்ணிலதான் வைச்சிருக்கும். சர்வரை மாத்தி எண்ணும் மாறினால் எல்லாருக்கும் எல்லாமே வாசிக்காததாக் காட்டும். பிறகு போன் நிக்காது.

மற்றது, பதிவை எத்தனை நாள் வைச்சிருக்கிறது எண்டு சொல்லுற எக்ஸ்பயர் கோப்பு. இது செய்திகள் ஒரு பக்கம் வர ஒரு பக்கம் அழியிற காலத்து மென்பொருள். அது இயல்பா அழிக்கத்தான் பார்க்கும். நாள் எண்ணிக்கை வாற மூண்டு இடத்திலயும் "நெவர்" எண்டு போடுங்கோ. ஒண்டில மட்டும் போட்டுட்டுப் படுக்காதேங்கோ.

பூட்டுப் போட்ட இணைப்புக்கு 563ஆம் போர்ட். அதுக்கு வேணும் எண்ட லெட்ஸ் என்க்ரிப்ட் பாதுகாப்புச் சான்றிதழ் 90 நாள்தான். புதுப்பிக்கேக்க சாவிக்கோப்பு ரூட்டின்ர பேரில வரும், நியூஸ் பயனருக்கு அதை வாசிக்க ஏலாது. புதுப்பிச்ச உடனே நகல் எடுத்து உரிமை மாத்துற ஒரு சின்ன ஸ்கிரிப்டை அதோட கொழுவி விடுங்கோ. இல்லாட்டி மூண்டு மாசத்துக்கு ஒருக்கா சனம் வந்து கதவில தட்டும்.

---

கோடை_இடி

வாசன் அண்ணா, நூற்றாண்டு விழாப் பேச்சு திரும்பக் கிடைச்சுதா?

---

வல்வெட்டி_வாசன்

அதிபர் கையால எழுதின தாள் இருந்தது, தங்கச்சி.

---

மழைமானி_சேலம் (எட்டு நாள் கழித்து)

போட்டாச்சு! சர்வர் எழுந்திருச்சு, குழு ஆறு: தினக்கணக்கு, விவாதம், கருவிகள், அணைகள், அரட்டை, சோதனை. குழுப் பெயரெல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்துலதான், விவரம் தமிழ்ல. தண்டர்பேர்டுல விவரம் சரியாவே தெரியுது.

ஆனா பழைய மடலை ஏத்துறதுல மாட்டிக்கிட்டேன். ஆர்நியூஸ்ங்கிற கட்டளை வழியாத் தள்ளினேன், எந்தப் பிழையும் திரையில வரல. உள்ள பார்த்தா ஒரு பதிவும் இல்ல. 9,000 மடலும் எங்க போச்சு?

---

வேர்க்கணக்கு

எங்கயும் போகல, சர்வர் வாங்கவே இல்ல. செய்திப் பதிவேட்டைப் பாருங்க, "ரொம்பப் பழசு"ன்னு வரிவரியா எழுதியிருக்கும். ஆர்ட்கட்ஆஃப்னு ஒரு அமைப்பு இருக்கு, இயல்பு மதிப்பு 10 நாள். அதுக்கு முந்தின தேதி போட்ட பதிவை வாசல்லயே திருப்பி அனுப்பிடும். பல சர்வர் சேர்ந்திருக்கிற இடத்துல, பார்த்து மறந்துபோன பழைய பதிவே திரும்பத் திரும்பச் சுத்தாம இருக்க அப்படி வெச்சாங்க. ஏத்துற வரைக்கும் அதை 0 ஆக்குங்க, முடிஞ்சதும் பழையபடி 10.

இன்னும் ரெண்டு. மின்னஞ்சலுக்கும் நியூஸ் பதிவுக்கும் தலைப்பகுதி கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆனா நியூஸுக்கு ஆறு வரி கட்டாயம்: யார், என்று, எந்தக் குழு, என்ன தலைப்பு, மெசேஜ் ஐடி, வந்த பாதை. குழுவும் பாதையும் மடல்ல இருக்காது, நீங்கதான் சேர்க்கணும். பழைய மடல் பலதுல "இதுக்குப் பதில்" வரி இருக்கும், "ரெஃபரன்சஸ்" வரி இருக்காது. அதுல இருந்து இதை நிரப்பிட்டு ஏத்துங்க. இல்லன்னா இழை இழையா வராது, தேங்காய் நார் மாதிரி வரும்.

சோதனைக் குழுவுல ஒரு 50 மட்டும் ஏத்திப் பார்த்துட்டு அப்புறம் மொத்தத்தையும் தள்ளுங்க.

---

மழைமானி_சேலம்

ஏறிடுச்சு அண்ணா. 9,114ல 9,071. மீதி 43ல தேதி வரியே கோணல், ஒரு மடல் 1970லயே எழுதப்பட்டிருக்கு. அப்ப எங்க அப்பாவுக்கே கல்யாணம் ஆகல.

---

கோடை_இடி

சரி, எங்கப்பா எப்படிப் படிப்பார்? மறந்துட்டீங்களா?

---

பழந்தபால்

அம்மா கேட்பது நியாயம். டி நிரல்மொழிக்காரர்கள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். அவர்களுடைய விவாதக் களத்தை உலாவியில் பார்த்தால் எல்லாக் களங்களையும் போலத்தான் இருக்கும். அடியில் இருப்பதோ நியூஸ்குரூப் சர்வர். முன்னால் நிற்பது டிஃபீட் என்ற மென்பொருள். ஒருவர் தண்டர்பேர்டில் எழுதுவார், இன்னொருவர் கைப்பேசி உலாவியில் பதில் போடுவார், இருவரும் ஒரே இழையில். கயிறும் வாளியும் பிடிக்காதவருக்குக் குழாய்.

இன்னொன்று. ஆள் சேர்ப்பதற்கு முன் மட்டுறுத்தல் யார் என்று முடிவு செய்யுங்கள். மட்டுறுத்தும் குழு என்று குறியிட்டால் பதிவு நேராகக் குழுவுக்குப் போகாது, மட்டுறுத்துநருக்கு மின்னஞ்சலாகப் போகும். உங்கள் சர்வரிலிருந்து மின்னஞ்சல் ஒழுங்காக வெளியே போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். போகாவிட்டால் பதிவு அந்தரத்தில் நிற்கும், எழுதியவர் தன்னை ஒதுக்கிவிட்டார்கள் என்று நினைப்பார். அப்படி நினைத்து ஒருவர் என்னோடு ஓராண்டு பேசவில்லை.

---

வேர்க்கணக்கு

டிஃபீட் நல்லதுதான் ஐயா, ஆனா இந்தக் குழுவுக்குக் கொஞ்சம் பெரிய சட்டை. மழைமானி, உங்களுக்குப் பைத்தான் தெரியும்ல? படிக்க ஒரு பக்கம், எழுத ஒரு பெட்டி, அவ்வளவு போதும்.

எல்லாருக்கும் முன்னாடியே ஒண்ணு சொல்லிடுங்க: இங்க எழுதினதைத் திருத்த முடியாது. பழசை நீக்கிப் புதுசு போடலாம், ஆனா அதுக்குள்ள படிச்சவங்க படிச்சதுதான். என்னைக் கேட்டா மழைக் கணக்குக்கு அதுவே நல்லது. 47 மி.மீ.ன்னு எழுதிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் 61ன்னு சொன்னதும் மாத்தி எழுதுற ஆளுங்களை எனக்குத் தெரியும்.

---

மழைமானி_சேலம்

அது நான் இல்ல.

---

மழைமானி_சேலம் (மூன்று வாரம் கழித்து)

நிலவரம்: 58 பேர் கணக்கு வாங்கிட்டாங்க. 19 பேர் தண்டர்பேர்டு, மீதி எல்லாம் நான் எழுதின வலைப்பக்கம் வழியா. கோடை_இடி அக்காவோட அப்பாதான் தினக்கணக்குல முதல் ஆள். காலை 8.34க்கெல்லாம் பதிவு வந்துடுது. கொல்லிமலை அடிவாரத்துல ஒருத்தருக்கு சிக்னல் வீட்டு மொட்டை மாடியில மட்டும்தான். மாடிக்கு மடிக்கணினியோட போய் எல்லாத்தையும் இறக்கிக்கிட்டு, கீழ வந்து படிச்சுப் பதில் எழுதி வெச்சு, சாயங்காலம் திரும்ப மாடிக்குப் போய் அனுப்புறார். அவர்தான் இந்த ஏற்பாட்டுல ரொம்பச் சந்தோசமா இருக்கார்.

இப்ப ஒரு புதிர். வலைப்பக்கம் வழியா எழுதினா சில தலைப்புல மட்டும் நடுவுல பெட்டி பெட்டியா வருது. சிலது சுத்தமா இருக்கு. "மேட்டூர் அணை நீர்மட்டம் 120 அடி"ன்னு போட்டேன். நீர்மட்டத்துல "நீர" வரைக்கும் சரி, புள்ளி இருக்க வேண்டிய இடத்துல பெட்டி, அப்புறம் "மட்டம்" சரி. தண்டர்பேர்டுல இருந்து அதே தலைப்பைப் போட்டா ஒழுங்கா இருக்கு. வெறுத்துப்போச்சு. மேட்டூர் நிரம்பினதைக்கூட நிம்மதியாச் சொல்ல முடியல.

---

வேர்க்கணக்கு

தலைப்பைப் பேஸ்64ல, அதாவது ஆங்கில எழுத்துக் குறியீடா, மடிக்கிற வேலையை நீங்களே கையால எழுதினீங்களா?

---

மழைமானி_சேலம்

ஆமாண்ணா. ஒரு துண்டு 75 எழுத்துக்கு மேல போகக்கூடாதுன்னு விதி இருக்குல்ல. முன்னொட்டு பின்னொட்டு 12 போக 63. பேஸ்64 நாலு நாலா வரணும், அதனால 60. அதாவது 45 பைட். 45 பைட்டுக்கு ஒரு வெட்டு.

---

வேர்க்கணக்கு

சிக்கினீங்க. 45 பைட்டுன்னா தமிழ் எழுத்துக்குறி சரியா 15. வெறும் தமிழா, இடைவெளியே இல்லாம இருந்தா வெட்டு எப்பவும் எழுத்து எல்லையிலதான் விழும், பிழை தெரியாது. ஆனா இடைவெளிக்கு 1 பைட். உங்க தலைப்பை எண்ணுங்க: "மேட்டூர்" 8 குறி (துணைக்குறி, புள்ளி எல்லாம் தனித்தனியா எண்ணி), 24 பைட். இடைவெளி, 25. "அணை" 9, மொத்தம் 34. இடைவெளி, 35. ந, ஈகாரக் குறி, ர, இன்னொரு 9, 44. அடுத்தது புள்ளி. அதோட முதல் பைட் 45ல, மீதி ரெண்டும் அடுத்த துண்டுல. புள்ளிய ரெண்டா அறுத்துட்டீங்க.

முதல் 45 பைட்டுக்குள்ள மூணு இடைவெளி இருந்தா கணக்கு திரும்ப நேராகிடும். அதான் சில தலைப்பு தப்பிச்சுது. ஒவ்வொரு துண்டுலயும் முழு எழுத்து மட்டும்தான் இருக்கணும்னு அதே விதி ஆவணத்துலயே இருக்கு. பைத்தான்ல மின்னஞ்சலுக்குன்னு இருக்கிற நூலகமே இதைச் சரியாச் செய்யும். அந்தப் பதினேழு வரியைத் தூக்கிட்டு அதைக் கூப்பிடுங்க.

---

மழைமானி_சேலம்

பதினேழு வரின்னு எப்படித் தெரியும்?

---

வேர்க்கணக்கு

நானும் ஒரு காலத்துல எழுதினேன்.

---

வல்வெட்டி_வாசன்

நான் எழுதினது இருபத்தியிரண்டு.

---

மழைமானி_சேலம்

மாத்திட்டேன். சோதனைக் குழுவுல அதே தலைப்பைத் திரும்பப் போட்டிருக்கேன், பதிவு எண் 212. ஐயா, உங்களுக்கும் ஒரு கணக்கு போட்டுத் தனிமடல்ல விவரம் அனுப்பியிருக்கேன். எங்க ஆளுங்களுக்கு எல்லாம் சரியாத்தான் தெரியுது, ஆனா நீங்க ஒரு தடவை பார்த்தா நல்லா இருக்கும்.

---

பழந்தபால்

212 பார்த்தேன். ஸ்லர்ன் மென்பொருளில்தான் திறந்தேன், அந்தக் காலத்துப் பழக்கம். மேட்டூர், அணை, நீர்மட்டம், மூன்றும் முழுசாக இருக்கின்றன. கையெழுத்துப் பகுதி மட்டும் ஏழு வரி போகிறது தம்பி, நான்குக்குள் வையுங்கள்.